கீழ் வார்டின் நாற்பத்தெட்டுப் பேர்

கதவைத் தட்டிய பெண் அழுதுகொண்டு வரவில்லை. சண்டைக்கு வந்தவளைப்போல இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையில் ஒரு பழுப்பு உறையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். வயது அறுபது இருக்கும்.

"இன்சூரன்ஸ் பேப்பரையெல்லாம் படிச்சு உள்ளதைச் சொல்ற அம்மா வீடு இதுதானே?"

"இதேதான். உள்ள வாங்க," என்றான் கதவைத் திறந்தவன்.

அந்த அம்மா அவனுக்கு அண்ணி. முப்பத்தோரு வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில், கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்து, ஊரார் நோயையெல்லாம் ஃபார்மில் படித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் படிப்பு அவரை விடவில்லை. தள்ளுபடியான கிளெய்ம், தலையும் வாலும் புரியாத கடிதம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு யாராவது வந்தபடி இருந்தார்கள். அவனோ இருபத்தெட்டு வருடம் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கி, குடல் இறங்கி, வேலை போய், அண்ணன் செத்த பின்னும் அதே வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவன். வந்தவர் பாதி சொல்லும்போதே குற்றவாளி யார் என்று அடித்துச் சொல்லிவிடுவான். ஐந்தில் நாலு தடவை தப்பாகப் போகும். அதனால் அண்ணி அவனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்திருந்தார். இப்போது தெருவே அவனை அப்படித்தான் கூப்பிட்டது.

வந்தவள் நாற்காலியில் உட்காராமலே ஆரம்பித்தாள்.

"என் மருமக நர்ஸு. அவளுக்கும் எனக்கும் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்ல. நான் வச்ச இடத்துல ஒரு கரண்டி இருக்காது. ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்வா. அது வேற விஷயம். ஆனா ஆளைச் சாகடிக்கிறவ இல்லம்மா அவ."

"யார் சாகடிச்சதா சொன்னாங்க?" என்றார் அண்ணி.

"இந்தப் பேப்பர் சொல்லுது."

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைப் பிரித்தார். இரண்டு முறை படித்தார். அவசரத்துக்குப் பொறுக்கவில்லை. "சத்தமா படிங்க அண்ணி, நானும் மனுஷன்தானே," என்றான்.

விஷயம் இதுதான். அந்த ஆஸ்பத்திரியில் நிமோனியாவுக்கு இரண்டு வார்டுகள். ஒன்று கீழே, ஒன்று மாடியில். கீழ் வார்டுக்கு இந்த மருமகள் பொறுப்பு நர்ஸ். இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு வருடத்துக் கிளெய்ம்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வார்டையும் ஒப்பிட்டிருந்தது. கீழே இருநூற்று நாற்பது நோயாளிகள், மேலேயும் இருநூற்று நாற்பது. செத்தவர்கள் மேலே இருபத்துநாலு பேர். கீழே நாற்பத்தெட்டு.

"நேர் ரெட்டிப்பு!" என்றான் அவசரம். வாசலில் நின்றபோது இந்தப் பெண்ணின் கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தான். இப்போது கால் பின்வாங்கியது. "ஒருவேளை கீழ எல்லாம் வயசானவங்களா இருக்கும்."

"அதையும் பார்த்திருக்காங்க. வயசு, ஆணா பொண்ணா, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, எல்லாத்தையும் சமன் செஞ்சிருக்காங்க."

"அப்படின்னா?" என்று வந்தவள் கேட்டாள்.

"கீழ ஒரு எழுபது வயசுக்காரர், சர்க்கரை வியாதியோட இருந்தார்னு வைங்க. மேல இருந்த இருவது வயசுப் பையனோட அவரை ஒப்பிட்டா அது நியாயமில்ல. அதே எழுபது வயசு, அதே சர்க்கரை, அப்படிப்பட்டவரோடதான் ஒப்பிடணும். இவங்க அதை ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க. அப்பவும் ரெட்டிப்பு குறையலை."

"அப்ப அவ்வளவுதானா?" வந்தவளின் குரலில் இருந்த சண்டை எங்கோ போய்விட்டது. இடுப்பில் இருந்த கை தானாக இறங்கியது. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. 'என் கவனக்குறைவால் நேர்ந்தது'ன்னு எழுதி வச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டா நர்ஸ் லைசென்ஸ் போகும். போடலைன்னா போலீசுக்குப் போவோம்னு சொல்றாங்க."

"உங்க மருமக என்ன சொல்றாங்க?"

"போடறேங்கிறா. அதாம்மா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒருவேளை நிஜமாவே நான்தானோங்கிறா. பத்து நாளா சோறு இறங்கலை. கையைக் கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சுபோச்சு."

அன்று செவ்வாய்க்கிழமை.

மறுநாள் காலை வானம் அழுக்குத் துணியைப்போலத் தொங்கியது. ஆஸ்பத்திரி ஒரு மாடிக் கட்டிடம். சாம்பல் வண்ணம், பாதி உரிந்தது. வாசலுக்கு உள்ளே ஒரு ஸ்டூலில் தூக்குக்காரர் உட்கார்ந்திருந்தார். நோயாளிகளை ஸ்ட்ரெச்சரிலும் சக்கர நாற்காலியிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர். இடுப்பைச் சுற்றி நாலு விரல் அகலத்தில் தோல் பெல்ட் கட்டியிருந்தார். அவசரத்துக்கு அந்தப் பெல்ட்டைப் பார்த்ததும் தன் இடுப்பே வலித்தது. கிடங்கில் முதுகு போனவர்கள் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள். கட்டிய பிறகும் இரண்டு வருடம்தான் ஓட்டுவார்கள்.

அண்ணி வாசலில் இருந்து பதிவு மேஜை வரை அவனை நடக்கச் சொன்னார்.

"எத்தனை அடி?"

"பதினெட்டு. எதுக்கு?"

அண்ணி எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அரை மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு மண்டை காய்ந்தது. கொலை நடந்த இடத்தைப் பார்க்க வந்துவிட்டு வாசற்படியைப் பார்ப்பார்களா?

பிறகு உள்ளே போனார்கள். லிஃப்ட் கதவில் சங்கிலி. கம்பி இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே துடைப்பங்களும் வாளிகளும் அடுக்கியிருந்தன. கதவோரம் ஆணியில் ஒரு அட்டை தொங்கியது. பழுது பார்த்தவர் எழுதி வைத்தது. அண்ணி தூசியை ஊதிவிட்டு அதில் இருந்த தேதிகளைக் குறித்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு மேலாக லிஃப்ட் நின்றிருந்தது. நடுவில், போன வருடம், ஒரு மூன்று மாதம் மட்டும் ஓடியிருக்கிறது.

மாடிப்படியில் ஏறும்போது அவசரம் திருப்பத்தில் நின்றுவிட்டான். சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூச்சு சுரண்டி, செங்கல் தெரிந்தது.

"இங்க நீளமான சாமானைத் திருப்பியிருக்காங்க அண்ணி. ஆள் பத்தாம. நாலு பேர் செய்யவேண்டியதை ரெண்டு பேர் செஞ்சா இப்படித்தான் முனை இடிக்கும்."

"ஆஸ்பத்திரியில நீளமான சாமான் என்னவா இருக்கும்?"

அவன் யோசித்தான். "கட்டில்?"

"போகட்டும். ஞாபகம் வச்சுக்கோ."

மேல் வார்டில் ஜன்னல் நிறைய. ஒரு நோயாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று வாய்ச்சண்டை போட்டார்கள். இறங்கிவந்து கீழ் வார்டுக்குள் நுழைந்தபோது காதை அடைத்ததைப்போல இருந்தது. யாரும் பேசவில்லை. மூக்கில் குழாய், மூடிய கண், மார்பு மட்டும் ஏறி இறங்கியது.

அவசரத்தின் மூளையில் விளக்கு எரிந்தது. அண்ணியின் முழங்கையைத் தட்டினான். "மருந்துதான்! மேல உள்ளவன் ஃபேனுக்குச் சண்டை போடறான், கீழ உள்ளவன் கண்ணையே திறக்கலை. கீழ குடுக்கிற மருந்து போலி. மருந்துக்கடைக்காரனைப் பிடிங்க."

மருந்து ஒரே அறையில் இருந்து, ஒரே பெட்டியில் இருந்து, இரண்டு வார்டுக்கும் போவதை அண்ணி அவனுக்குக் காட்டினார். இரண்டு வார்டையும் சுற்றிப் பார்ப்பவர்களும் ஒரே டாக்டர்கள். அவன் வாயை மூடிக்கொண்டான், பத்து நிமிடத்துக்கு.

நர்ஸ் ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடிப் பெஞ்சில் இருந்தாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் தினம் வருகிறாளாம். மெலிந்த பெண். கைகள் சிவந்து வெடித்திருந்தன.

"எதுவும் செய்யவேண்டாம்மா," என்றாள். "எங்க அத்தை கேட்க மாட்டாங்க, அதான் உங்களை இழுத்துட்டு வந்துட்டாங்க. நாப்பத்தெட்டுப் பேர். கட்டில் நம்பர் சொன்னா முகம் சொல்வேன். அத்தனை பேர் போயிருக்காங்கன்னா நான் எங்கேயோ எதையோ விட்டிருக்கணும். நம்பர் பொய் சொல்லுமா?"

"நம்பர் பொய் சொல்லாது," என்றார் அண்ணி. "கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கேட்காததைத் தானா வந்து சொல்லாது."

அவள் தலையை அசைத்தாள். நம்பவில்லை என்று அவசரத்துக்குத் தெரிந்தது. மூழ்குகிறவன் கரையைப் பார்க்காமல் தண்ணீரையே பார்க்கிற மாதிரி அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு ஆவணங்களைப் பார்க்கலாம் என்று கடிதத்திலேயே இருந்தது. அதைக் காட்டித்தான் அண்ணி பதிவேட்டு அறையைத் திறக்க வைத்தார். கிளெய்ம் நகல்கள் மூட்டை மூட்டையாகக் கட்டியிருந்தன. அவன் இறக்கினான், அவர் பிரித்தார். புதன் முழுக்க, வியாழன் முழுக்க. தும்மித் தும்மி மூக்கே கழன்றுவிடும்போல இருந்தது.

வியாழன் மதியம் அவன் பொறுமை இழந்தான். "இன்னும் என்னத்தைத் தேடறீங்க? வயசு சரி, சர்க்கரை சரி, மருந்து சரி, டாக்டர் சரி. மிச்சம் இருக்கிறது அந்தப் பொண்ணு மட்டும்தானே? எனக்கே சொல்லக் கஷ்டமா இருக்கு அண்ணி. அவதானோ?"

அண்ணி ஃபார்மில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "உன் கிடங்குல இருந்து ரெண்டு லாரி கிளம்புது. ஒரே ரோடு, ஒரே தூரம். ஒரு லாரியில இருபத்துநாலு பெட்டி உடைஞ்சிருக்கு. இன்னொண்ணுல நாப்பத்தெட்டு. ரெண்டாவது டிரைவர் மோசம்னு சொல்லிடுவியா?"

"சொல்ல மாட்டேன். உள்ள என்ன சரக்குன்னு பார்ப்பேன். ஒண்ணுல பஞ்சு, ஒண்ணுல கண்ணாடின்னா டிரைவர் என்ன பண்ணுவான்?"

"ரெண்டும் கண்ணாடிதான். பில்லுல ஒரே மாதிரிதான் எழுதியிருக்கு."

"பில்லு கிடக்கட்டும். ஒரு கண்ணாடி ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும், ஒண்ணு முழுசா இருக்கும். விரிசல் விட்டதையெல்லாம் ஒரே லாரியில போட்டுட்டு..." அவன் நிறுத்தினான். "எதை எதுல ஏத்தணும்னு சொன்னவன் யாருன்னு கேட்பேன்."

அண்ணி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"அதைத்தான் நானும் ரெண்டு நாளா கேட்டுக்கிட்டிருக்கேன். நீ போய் ஆம்புலன்ஸ் வாடகைச் சீட்டுக் கட்டை இறக்கு. அது வேற அலமாரி. எங்க ஆபீஸ்லயும் அது வேற பிரிவுக்குத்தான் போகும். இந்த ஃபார்மும் அந்தச் சீட்டும் ஒருநாளும் ஒரே மேஜையில சந்திக்கிறதே இல்ல."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நிர்வாகியின் அறையில் எல்லாரும் கூடினார்கள். மேஜைக்குப் பின்னால் நிர்வாகி. பக்கத்தில் லேப்டாப்புடன் இன்சூரன்ஸ் ஆபீசர். முப்பது வயதுகூட இருக்காது, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. மேல் வார்டு நர்ஸ் சுவரோரம் நின்றாள். பத்து நாளாக இரண்டு வார்டையும் அவளே பார்த்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கீழ் வார்டு நர்ஸ் பேனாவை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். மாமியாரை வெளியே நிறுத்தப் பார்த்தார்கள், அது நடக்கவில்லை.

"வாசல்ல இருக்கிற தூக்குக்காரரையும் கூப்பிடுங்க," என்றார் அண்ணி.

"அவன் எதுக்கு?" என்றார் நிர்வாகி.

"அவர் வந்தா சொல்றேன்."

தூக்குக்காரர் வந்து கதவோரம் ஒதுங்கி நின்றார். கை பெல்ட்டைப் பிடித்திருந்தது.

"ஒரு நிமோனியா நோயாளி வர்றார். கீழயா மேலயான்னு யார் முடிவு பண்றது?" அண்ணி நிர்வாகியைத்தான் கேட்டார்.

"யாரும் முடிவு பண்றதில்ல. எங்க படுக்கை காலியோ அங்க. அதுதான் விதி."

"எங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க," என்றார் ஆபீசர். "அதனாலதான் ரெண்டு வார்டையும் ஒப்பிடறது நியாயம்னு எடுத்துக்கிட்டோம்."

அண்ணி தூக்குக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, விதி அதுதானா?"

"விதி அதுதாங்க. லிஃப்ட் ஓடினா."

"ஓடலைன்னா?"

"நான் ஒரே ஆளுங்க. கூட ஒருத்தர் இருந்தார், அவர் போனப்புறம் வேற ஆள் போடலை. ஸ்ட்ரெச்சரோட மாடி ஏத்தணும்னா தோட்டக்காரரைக் கூப்பிடணும், அவர் இல்லைன்னா நோயாளியோட மகனை, மச்சானைக் கூப்பிடணும். அந்தத் திருப்பத்துல தாங்க மாட்டேங்குது. அதனால..." நிறுத்தினார்.

"பயப்படாம சொல்லுங்க."

"வாசல்ல இருந்து மேஜைக்குப் பதினெட்டு அடிங்க. அதுல ஆள் எப்படி வர்றார்னு பார்ப்பேன். மூச்சு வாங்காம நடந்து வந்தா, மாடி ஏறிடுவார். 'மேல காத்து நல்லா வரும், போங்க'ம்பேன். பாதியிலே நின்னாலோ, யார் மேலயாவது சாஞ்சாலோ, தூக்கிட்டு வந்தாலோ, கீழ. கீழ இடம் இல்லவே இல்லைன்னாதான் மேல தூக்குவோம்."

"இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்லீங்க. முதுகு சொல்லிக் கொடுத்துச்சு."

அவசரத்துக்குச் சுவரில் சுரண்டியிருந்த செங்கல் கண்ணில் வந்து நின்றது. நீளமான சாமான்! கட்டிலாம். தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

"டாக்டர் கை வைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பரிசோதனை நடந்திருக்கு," என்றார் அண்ணி. "ரொம்ப நல்ல பரிசோதனை. பதினெட்டு அடி நடக்க முடியாதவர்தான் பிழைக்கிறதுக்குக் கஷ்டப்படறவர். அவங்களையெல்லாம் ஒரே பக்கமா அனுப்பியிருக்கு. ஆனா எந்த ஃபார்ம்லயும் அது ஏறலை. நீங்க ஃபார்ம்ல இருக்கிறதை எல்லாம் சமன் பண்ணீங்க தம்பி, ஒழுங்காவே பண்ணீங்க. ஃபார்ம்ல இல்லாததை எப்படிச் சமன் பண்ணுவீங்க?"

ஆபீசர் முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. "இது கேட்க நல்லா இருக்கும்மா. ஆனா ஒருத்தர் வாய்வார்த்தை. இவங்க கையில தப்பு இருந்து, கூடவே இதுவும் இருந்திருக்கலாம் இல்லையா?"

"சரியான கேள்வி. அதுக்குத்தான் ரெண்டு நாள் தூசி தின்னோம்." அண்ணி தன் நோட்டைப் பிரித்தார். "போன வருஷம் மூணு மாசம் லிஃப்ட் ஓடியிருக்கு. அட்டையில தேதி இருக்கு. அந்த மூணு மாசம் இவருக்குப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்ல. படுக்கை காலியா இருந்த பக்கம் போனாங்க. கீழ முப்பது பேர், மேல முப்பது பேர். அதே நர்ஸ், அதே கை. கீழ நாலு பேர் செத்தாங்க. மேல அஞ்சு பேர். கை கெட்டதுன்னா அந்த மூணு மாசம் மட்டும் ஏன் நல்லதாச்சு?"

ஆபீசர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து எதையோ தட்டினார். நிமிரவில்லை.

"முப்பது பேர் சின்னக் கூட்டம். அதை மட்டும் வச்சு சத்தியம் பண்ண மாட்டேன். அதனால ஆம்புலன்ஸ் சீட்டைச் சேர்த்துப் பார்த்தேன். நடக்க முடியாதவர்ங்கறதுக்கு அது ஒரு அடையாளம். முழு அடையாளம் இல்ல. மகன் தோள்ல சாஞ்சு வந்தவருக்குச் சீட்டு இருக்காது. ஆனாலும் கேளுங்க. கீழ் வார்டுல ஆம்புலன்ஸ்ல வந்தவங்க நூத்தியெண்பது பேர். மேல வெறும் நாப்பது. இப்பத் தனித்தனியா ஒப்பிடுங்க. சீட்டு இல்லாம வந்தவங்க: கீழ அறுபதுல மூணு பேர் செத்தாங்க, மேல இருநூறுல பத்துப் பேர். ரெண்டும் இருபதுக்கு ஒண்ணு. ஒரு துளி வித்தியாசம் இல்ல."

"ஆம்புலன்ஸ்ல வந்தவங்க?" ஆபீசரின் குரல் இறங்கியிருந்தது.

"கீழ நூத்தியெண்பதுல நாப்பத்தஞ்சு. நாலுக்கு ஒண்ணு." அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். "மேல நாப்பதுல பதினாலு. மூணுக்கு ஒண்ணுக்கும் மேல."

அவசரம் விரல் விட்டு எண்ணினான். மூன்றும் நாற்பத்தைந்தும் நாற்பத்தெட்டு. பத்தும் பதினாலும் இருபத்துநாலு. அதே செத்தவர்கள்தான். ஒருவரும் கூடவில்லை, ஒருவரும் குறையவில்லை. ஆனால் இருமடங்கு என்பது எங்கே போயிற்று?

"அப்போ மேல்தான் மோசமா?" மேல் வார்டு நர்ஸின் குரல் உடைந்தது. "நான் எதுவும்..."

"நீங்க எதுவும் செய்யலம்மா. நாப்பது பேரை வச்சு நான் யார் மேலயும் விரல் நீட்ட மாட்டேன். அதுலயும் பாதி தற்செயலா இருக்கலாம். ஆனா மூச்சு நிக்கப்போற ஆளைச் சாய்ச்சுப் பிடிச்சு அந்தத் திருப்பத்துல ஏத்தறதும், முடியாமப் போனா திரும்ப இறக்கிக் கீழ தீவிர சிகிச்சை அறைக்குக் கொண்டுவர்றதும், நல்லது பண்ணியிருக்காது. அதுக்கு நான் சாட்சி சொல்ல வேண்டாம். சுவரே சொல்லுது."

மேல் வார்டு நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் பத்து நாள்ல கீழ ரெண்டு பேர் போயிட்டாங்க," என்றாள் மெதுவாக. "என் கையிலதான். சொன்னா என் மேல வரும்னு சொல்லலை."

நிர்வாகி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "ஆக, விதியை மீறினது இவன். நோயாளியைப் பிரிக்க இவன் என்ன டாக்டரா? எழுதி வாங்குங்க இவன்கிட்ட."

வேலை போகும்போது எப்படி நிற்பார்கள் என்று அவசரத்துக்குத் தெரியும். அப்படித்தான் தூக்குக்காரர் நின்றார், தரையைப் பார்த்துக்கொண்டு, தன்னை ஒரு சாமான்போலச் சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம் சார்," என்றான் அவசரம். இப்படிப்பட்ட அறையில் அவன் வாய் திறப்பது முதல் தடவை. "நாலு ஆள் தூக்கறதை ஒரு ஆள்கிட்ட விட்டா, அவன் எதை எடுக்கலாம், எதை விடலாம்னு பார்க்கத்தான் செய்வான். நானும் பார்த்திருக்கேன். பாரம் அப்படித்தான் தானா பிரியும். லிஃப்டுக்குள்ள துடைப்பத்தை அடுக்கினது இவரா சார்?"

"நல்லா கேட்டப்பா!" என்றாள் மாமியார். நிர்வாகி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஆபீசர் லேப்டாப்பை மூடினார். "இந்த அறிக்கையை நான் திரும்ப வாங்கிக்கிறேன்," என்றார். நர்ஸுக்கு முன்னால் இருந்த தாளை எடுத்து, இரண்டாக மடித்து, தன் பையில் வைத்தார்.

மாமியார் மருமகளின் கையில் இருந்து பேனாவைப் பிடுங்கினாள். "போதும். வீட்டுக்கு வா, வந்து முதல்ல சாப்பிடு. பார்க்கச் சகிக்கலை."

நர்ஸ் எழுந்திருக்கவில்லை. தப்பித்தவள் முகம்போல அது இல்லை. "அந்தப் பதினாலு பேர்," என்றாள். "அன்னைக்கெல்லாம் கீழ இடமில்லைன்னு சொன்னது நான்தான். நடக்கத் தேறினவங்க ரெண்டு பேரை நான் மேல அனுப்பியிருந்தா, இடம் இருந்திருக்கும். யோசிக்கலையே."

இதற்குச் சொல்ல அண்ணியிடம் நம்பர் இல்லை.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. தூக்குக்காரர் அனிச்சையாக ஓடினார். பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். ஒரு வேனில் இருந்து ஒரு பெரியவரைப் போர்வையோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் கிணற்றில் இருந்து வாளி இழுப்பதைப்போல வந்தது. பதினெட்டு அடியில் ஒரு அடிகூட அவரால் வைக்க முடியாது.

"கீழ இடமில்ல," என்றாள் மேல் வார்டு நர்ஸ். "மேல ரெண்டு கட்டில் இருக்கு."

எல்லார் கண்ணும் மாடிப்படிக்குப் போயிற்று. தூக்குக்காரர் பெல்ட்டை இறுக்கினார்.

"கீழ யாருக்காவது தேறியிருக்கா?" கேட்டவள் கீழ் வார்டு நர்ஸ். எப்போது எழுந்துவந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"கடைசிக் கட்டில்காரருக்கு முந்தாநாளே காய்ச்சல் விட்டாச்சு."

"அவரை எழுப்பி, கையைப் பிடிச்சு, நின்னு நின்னு மேல கூட்டிட்டுப் போங்க. இவருக்கு அந்தக் கட்டில்." மேல் வார்டு நர்ஸ் கடைசிக் கட்டிலுக்கு ஓடினாள்; தூக்குக்காரரும் அவசரமும் பெரியவரின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கை கொடுத்தார்கள்.

ஆபீசர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். மிரட்டலாக இல்லை, நிஜமான கவலையோடுதான் சொன்னார். "சிஸ்டர், இவர் நிலைமையைப் பார்த்தா... இன்னும் ஃபார்ம் மாறலை. ஏதாவது ஆச்சுன்னா இதுவும் உங்க வார்டு பேர்லதான் ஏறும்."

"ஏறட்டும்," என்றாள் அவள். அவள் கைகள் ஏற்கெனவே பெரியவரின் தலையைத் தாங்கியிருந்தன. "கால் பக்கம் யாரும் இல்ல. பிடிங்க."

ஆபீசர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து, பிடித்தார்.